ஆட்டோபேஜியும் நோய் எதிர்ப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. என் மாமாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வழக்கமாகப் பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு மதியம் ஒரு வேளை சாப்பிடுவார். அந்த வாரம் அதையும் ராத்திரிக்குத் தள்ளிவைக்கப் போவதாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்திதான் காரணம். 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் ஆட்டோபேஜி தொடங்குமாம், கெட்டுப்போன செல்களை உடம்பே தின்றுவிடுமாம், எதிர்ப்பு சக்தி இரண்டு மடங்காகுமாம், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கினார். பதினொரு மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை, விரல்களில் நடுக்கம். அத்தையைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். ஆனால் அந்த மாத்திரை நெடுநேரம் வேலை செய்யும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்பதால் சாயங்காலம் வரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

நான் கல்லூரியில் உயிரணுவியல் நடத்துகிறேன். அந்தச் செய்தியை மாமாவின் போனில் வாங்கிப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. நோபல் பரிசு உண்மை. ஆட்டோபேஜி உண்மை. அதற்கும் நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் நெருங்கிய உறவு இருப்பதும் உண்மை. இவற்றை முடிச்சுப் போட்ட விதம்தான் ஆபத்தாகிவிட்டது. அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது?

செல் தன் உள்ளே இருப்பவற்றைத் தானே செரித்துக்கொள்கிறது என்று கண்டு, 1963இல் அதற்கு ஆட்டோபேஜி என்று பெயர் வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ். தமிழில் தன்னுண்ணல் என்று எழுதுகிறார்கள். அது எந்தெந்த மரபணுக்களால் நடக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கால் நூற்றாண்டு கழித்து, ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 1988இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது ஈஸ்ட். நாம் ரொட்டிக்குப் போடும் அதே ஈஸ்ட்தான்.

அவர் செய்த காரியம் மிக எளிமையானது. ஈஸ்ட் செல்லுக்குள் செரிமானம் நடக்கும் ஒரு பெரிய பை உண்டு, வாக்குவோல் என்று பெயர். அங்கே செரிக்கும் நொதிகள் இல்லாத ஒரு ரகத்தை எடுத்து, அதற்கு உணவை நிறுத்தினார். உள்ளே போவது செரிக்காது என்றால் அங்கேயே தங்கித்தானே ஆக வேண்டும்? சில மணி நேரத்தில் அந்தப் பைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து, ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அது தெரிந்தது. பிறகு ஆயிரக்கணக்கான ஈஸ்ட் ரகங்களைச் சலித்து, இந்த வேலைக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை 1993இல் அடையாளம் காட்டினார். 2016இல் மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே கிடைத்தது, ஆட்டோபேஜி எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக. பட்டினி அங்கே ஆய்வகத்தில் பயன்பட்ட ஒரு கருவி. எந்த மனிதரும் அந்த ஆய்வில் விரதம் இருக்கவில்லை. நோய்க்கு மருந்து விரதம் என்று அந்தப் பரிசு சொல்லவும் இல்லை.

கெட்டுப்போன செல்லையா தின்கிறது?

இந்தக் குழப்பம் என் மாணவர்களிடமும் உண்டு. ஆட்டோபேஜி முழுச் செல்லைத் தின்பதில்லை. ஒரு செல் தனக்குள்ளேயே நடத்தும் காயலான் கடை அது. பழுதான மைட்டோகாண்ட்ரியா, மடிப்பு குலைந்த புரதம், தேவைக்கு மேல் இருக்கும் பாகங்கள் ஆகியவற்றைச் சுற்றி இரட்டைச் சவ்வு ஒன்று வளர்கிறது, பை போல மூடிக்கொள்கிறது. அந்தப் பை லைசோசோமோடு இணைகிறது. லைசோசோமுக்குள் அமிலமும் நொதிகளும் உண்டு. சரக்கு உடைந்து அமினோ அமிலங்களாக, கொழுப்பு அமிலங்களாக வெளியே வந்து மறுபடி பயன்படுகிறது.

வெள்ளை அணு வெளியிலிருக்கும் கிருமியை விழுங்குவது வேறு வேலை, அதற்கு பேகோசைட்டோசிஸ் என்று பெயர். பழுதான செல் தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்வது அப்போப்டோசிஸ். இம்மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், சில புரதங்களைப் பகிர்ந்துகொள்ளும். ஆனாலும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால், ‘ஆட்டோபேஜி புற்றுநோய்ச் செல்லைத் தின்றுவிடும்’ என்ற இடத்தில் போய் நிற்போம். அது எவ்வளவு தவறு என்று பின்னால் சொல்கிறேன்.

16 மணி நேரம் என்ற கணக்கு

ஆட்டோபேஜி விளக்கு ஸ்விட்ச் போல அணைந்திருந்து எரிவதில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போதும், காலை டிபன் சாப்பிட்ட பிறகும், உங்கள் செல்களில் கொஞ்சமாக நடந்துகொண்டே இருக்கிறது. உணவு குறையும்போது வேகம் கூடும், அதுவும் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். 2004இல் நொபோரு மிசுஷிமா குழு, ஆட்டோபேஜி நடக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி எலிகளை உருவாக்கிப் பட்டினி போட்டுப் பார்த்தது. தசையிலும் கல்லீரலிலும் பச்சைப் புள்ளிகள் பெருகின. மூளையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

எலியின் ஒரு நாள் பட்டினியை நம் ஒரு நாள் பட்டினியோடு ஒப்பிடவும் முடியாது. ஒரு நாள் சாப்பிடாவிட்டால் சுண்டெலி தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். 60 கிலோ ஆள் ஒரே நாளில் ஆறு கிலோவுக்கு மேல் இறங்குவது போல. மனிதரில் எந்த மணி நேரத்தில், எந்த உறுப்பில், எவ்வளவு கூடுகிறது என்று சொல்லும் நம்பகமான அட்டவணை கிடையாது. அதை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் லேபுகளில் வழக்கத்தில் இல்லை. ஆகவே ‘12 மணி நேரத்தில் இது, 16இல் அது, 24இல் இது’ என்று வண்ணப் படத்தோடு வரும் கடிகாரத்தை நம்பி உணவையும் மாத்திரையையும் திட்டமிடாதீர்கள்.

உண்மையில் பட்டினிக்கும் ஆட்டோபேஜிக்கும் உள்ள உறவு, எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் தெரிகிறது: பிறந்த குட்டியில். தொப்புள்கொடி அறுந்ததும் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சத்து நின்றுவிடுகிறது. பால் வருவதற்குள் ஓர் இடைவெளி. சுண்டெலிக் குட்டியில் அந்தச் சில மணி நேரத்தில் ஆட்டோபேஜி சட்டென ஏறி, ஓரிரு நாளில் பழைய நிலைக்கு இறங்குகிறது. ஆட்டோபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணு இல்லாத குட்டிகள் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துவிடுகின்றன. சோறு வரும்வரை வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் ஏற்பாடு இது.

கிருமியைப் பிடிக்கும் கை

சரி, நோய் எதிர்ப்புக்கு வருவோம். காயலான் கடைக்குப் போகும் அதே பை, செல்லுக்குள் புகுந்த கிருமியையும் பிடித்துக்கொண்டு போகும். 2004இல் ஜப்பானில், தொண்டைப்புண் உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸில் இதைக் காட்டினார்கள். ஏடிஜி5 இல்லாத செல்களில் அந்தக் கிருமி தப்பித்துப் பெருகியது.

செல்லுக்கு உள்ளே வந்திருப்பது கிருமி என்று எப்படித் தெரிகிறது? சால்மொனெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செல்லுக்குள் ஒரு சவ்வுப் பைக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பையின் உட்புறச் சுவரில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும், சட்டையின் உள் துணி போல வெளியே தெரியாது. பை கிழிந்தால் அந்தச் சர்க்கரைகள் செல்லின் உட்பகுதிக்கு வெளிப்பட்டுவிடும். காலெக்டின்-8 என்ற புரதம் அதைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு புரதத்தைக் கூப்பிடுகிறது, அது ஆட்டோபேஜிப் பையைக் கட்டிக்கொண்டு வருகிறது. கிருமி இன்னது என்று செல் அடையாளம் காணவே வேண்டியதில்லை. உள் துணி வெளியே தெரிகிறது, ஏதோ கிழிந்திருக்கிறது, அவ்வளவு போதும். கேம்பிரிட்ஜில் 2012இல் இதைக் கண்டுபிடித்தார்கள். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லும்போது எனக்குப் புதிதாகவே இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டதும், ‘அப்படியானால் ஆட்டோபேஜியைக் கூட்டினால் தொற்று போய்விடும்’ என்று தோன்றும். இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. கிருமிகளும் இந்த ஏற்பாட்டோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் பழகியவை. லெஜியோனெல்லா பாக்டீரியா, ஆட்டோபேஜிப் பை உருவாகத் தேவையான எல்சி3 புரதத்தை மறுபடி ஒட்ட முடியாதபடி வெட்டிவிடும் ஒரு நொதியை அனுப்புகிறது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், பெக்ளின்-1 என்ற புரதத்தைப் பிடித்துவைத்து ஆட்டோபேஜியைத் தடுக்கிறது. போலியோ வைரஸ் அதைத் தடுப்பதே இல்லை, அந்தச் சவ்வுகளைத் தன் பெருக்கத்துக்கே பயன்படுத்திக்கொள்கிறது. மழைக்காலம் வந்தால் நம்மைப் பயமுறுத்தும் டெங்கு வைரஸும் அப்படித்தான்: செல்லில் இருக்கும் கொழுப்புத் துளிகளை ஆட்டோபேஜி வழியாக உடைக்க வைத்து, கிடைக்கும் ஆற்றலில் பெருகுகிறது. டெங்குக் காய்ச்சலில் கிடப்பவரிடம், ஆட்டோபேஜி வரட்டும், சாப்பிடாதே என்று யாராவது சொன்னால், அது வைரஸுக்கும் உதவலாம். அந்த நேரத்தில் நோயாளிக்கு வேண்டியது நீர்ச்சத்தும், தட்டணுவும், ரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டும் பார்த்துச் சொல்லும் மருத்துவரும்.

காசநோய் சொல்லும் பாடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள்.

2004இல் வோயோ டெரெடிச் குழு, காசநோய்க் கிருமி குடியிருக்கும் மேக்ரோபேஜ் (கிருமியை விழுங்கும் ஒரு வகை வெள்ளை அணு) செல்களில் ஆட்டோபேஜியைத் தூண்டிப் பார்த்தது. உணவுச்சத்தை நிறுத்தினாலும், ஆட்டோபேஜியைத் தூண்டும் ராபமைசின் மருந்தைக் கொடுத்தாலும் கிருமி குறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. பதினோரு வருடம் கழித்து, 2015இல் அமெரிக்காவில் ஒரு குழு உயிருள்ள எலிகளில் அதைச் சோதித்தது. ஏடிஜி5 இல்லாத எலிகள் காசநோயில் சீக்கிரம் இறந்தன. ஆனால் ஆட்டோபேஜிக்கு அதே அளவு தேவையான மற்ற மரபணுக்களை நீக்கியபோது எலிகளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏடிஜி5க்கு ஆட்டோபேஜியைத் தாண்டி வேறு வேலை இருக்கிறது, நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கட்டுமீறி நுரையீரலைப் புண்ணாக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்த்தி என்று தெரிந்தது. பிறகு 2023இல் மனித மேக்ரோபேஜ்களில் ஏடிஜி7, ஏடிஜி14 மரபணுக்களை நீக்கியபோது கிருமி கூடுதலாகப் பெருகியது. அதாவது மனிதச் செல்லில் ஆட்டோபேஜிக்குப் பங்கு உண்டு. முதலில் ஆய்வகக் கிண்ணத்தில் பார்த்தது, எலியில் பார்த்தது, மனிதச் செல்லில் பார்த்தது மூன்றும் ஒரே பதிலைத் தரவில்லை. ஓர் ஆய்வை மட்டும் படித்துவிட்டு மருந்து சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது மனிதரில், தெருவில், வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், 2,800 காசநோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பாதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். மறுபாதியில் குடும்பத்தில் எல்லோருக்கும் உணவுப் பொருள் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலைத் தாக்கிப் பிறருக்கும் பரவும் வகை 48 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. சோறும் பருப்பும் செய்த வேலை இது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடனேயே கடுமையான எடைக்குறைவு இருக்கிறதா, மூச்சுத்திணறல் இருக்கிறதா, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து ஆபத்தில் இருப்பவர்களை மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். காசநோயாளிகளுக்கான நிக்ஷய் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது காசநோய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து அவரிடம் விரதம் பற்றிப் பேசாதீர்கள். தினம் ஒரு முட்டை, கொஞ்சம் வேர்க்கடலை, பருப்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

எதிர்ப்பு சக்தி கூடுவது எப்போதும் நல்லதா?

நோய் எதிர்ப்பு என்றதும் கூட்டவேண்டிய ஒன்றாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆட்டோபேஜி செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று அதை அடக்கி வைப்பது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றாமல் விட்டால் அதிலிருந்து டிஎன்ஏ கசியும். செல் அதைக் கிருமியின் டிஎன்ஏ என்று நினைத்து அழற்சியைக் கிளப்பும். ஆட்டோபேஜிக்குத் தேவையான ஏடிஜி16எல்1 மரபணு வேலை செய்யாத எலிகளின் மேக்ரோபேஜ்கள், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அளவுக்கு மீறிச் சுரப்பதை 2008இல் பார்த்தார்கள்.

இதே மரபணுவில் ஒரு சிறு மாறுபாடு, அது உருவாக்கும் புரதத்தின் 300ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின், குடலைத் தாக்கும் க்ரோன் நோயோடு தொடர்புடையது என்று 2007இல் தெரிந்தது. இப்போது எச்சிலை அனுப்பினால் மரபணு அறிக்கை தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த அறிக்கையில் இந்த மாறுபாட்டைப் பார்த்துப் பயந்து எழுதுபவர்களுக்கு நான் சொல்வது: இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் மாறுபாடு, அதைச் சுமக்கும் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை. அந்த மரபணு பலவீனமான எலிகளின் குடலில்கூட, ஒரு குறிப்பிட்ட நோரோ வைரஸும் வந்து தொற்றினால்தான் கோளாறு தெரிந்தது. வைரஸ் இல்லாத கூண்டில் அதே எலிகள் நன்றாக இருந்தன.

இரண்டு மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் லைசோசோமைப் பாதித்து ஆட்டோபேஜியைத் தடுக்கிறது. எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அதுதான் பல வருடம் கொடுக்கும் மருந்து. சிரோலிமஸ், அதாவது ராபமைசின், ஆட்டோபேஜியைத் தூண்டுகிறது. சிறுநீரக மாற்றுக்குப் பிறகு உடல் அந்த உறுப்பை நிராகரிக்காமல் இருக்க அதைக் கொடுக்கிறார்கள். ஒன்று தடுக்கிறது, ஒன்று தூண்டுகிறது, இரண்டுமே நோய் எதிர்ப்பைத் தணிக்கத்தான் பயன்படுகின்றன. இரண்டுக்கும் வேறு வழிகளிலும் வேலை உண்டு என்பது சரிதான். ஆனாலும் ஆட்டோபேஜி கூடினால் எதிர்ப்பு சக்தி கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே நிற்பதில்லை. லூபஸ் உள்ள பெண் ஒருவர், ஆட்டோபேஜியைத் தடுக்கும் மருந்தாமே, நிறுத்திவிடட்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பும். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட விட வேண்டாம் என்று கெஞ்சிச் சொன்னேன்.

புற்றுநோயிலும் இந்த இரண்டு முகம்தான். பெக்ளின்-1 குறைந்தால் எலிகளில் கட்டிகள் அதிகம் வருகின்றன என்று பெத் லெவின் போன்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் கட்டி ஒருமுறை வேரூன்றிவிட்டால், ரத்த ஓட்டம் போதாத அதன் நடுப்பகுதியில் இருக்கும் செல்கள் உயிரோடிருக்க ஆட்டோபேஜியையே நம்புகின்றன. கணையப் புற்றுநோய் இதற்குப் பேர்போனது. அதனால்தான் கீமோவோடு சேர்த்து ஆட்டோபேஜியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்தன. ஏற்கெனவே எடை இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை, கட்டியைப் பட்டினி போடுகிறோம் என்று சொல்லி வாடவிடாதீர்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கு

உயிர் அறிவியல் படிப்பவர்கள், ஆய்வுக் கட்டுரையை மேலோட்டமாகப் பார்த்துச் செய்தி எழுதுபவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. ஆட்டோபேஜிப் பையைக் காட்டும் எல்சி3 புரதப் புள்ளிகள் கூடியிருந்தால் ஆட்டோபேஜி கூடிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். சென்னையில் குப்பை லாரிகள் சாலையில் வரிசை கட்டி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கச் சுறுசுறுப்பாகக் குப்பை அள்ளுகிறார்கள் என்றும் இருக்கலாம், கொடுங்கையூர் கிடங்கின் கேட்டை மூடிவிட்டார்கள் என்றும் இருக்கலாம். லாரிகளை எண்ணினால் மட்டும் தெரியாது. இங்கே லாரி என்பது ஆட்டோபேஜிப் பை, கிடங்கு என்பது லைசோசோம். பாஃபிலோமைசின் போன்ற மருந்தால் நாமே கேட்டை மூடி, அதற்குப் பிறகு லாரிகள் இன்னும் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால் ஓட்டம் இருந்தது, சேராவிட்டால் கேட் முன்பே மூடிக்கிடந்தது. கூடவே, சரக்கோடு சேர்ந்து அழியும் பி62 புரதம் குறைகிறதா என்றும் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தாலும் எல்சி3 கூடும், பட்டினி போட்டாலும் கூடும். இரண்டும் எதிரெதிர் காரணங்கள்.

ஆட்டோபேஜியைத் தூண்டும் என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றுக்குக் காட்டும் சான்றுகளில் பெரும்பகுதி ஈஸ்ட், புழு, ஈ, எலியில் கிடைத்தவை. அந்தப் பணத்துக்குப் பழமும் சுண்டலும் வாங்கலாம்.

விரதம் இருக்க விரும்பினால்

நான் விரதத்துக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் ஏகாதசி உண்டு, பக்கத்து வீட்டில் ரமலான் நோன்பு உண்டு. பக்திக்காக இருப்பவர்களும், எடை குறைக்க இருப்பவர்களும் அதற்காகவே இருக்கட்டும். ஆட்டோபேஜிக் கணக்கை நம்பி நேரத்தை நீட்டுவதுதான் வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு சாப்பிடுபவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரையில் இன்னொரு ஆபத்து உண்டு: நீண்ட பட்டினியில் ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடலாம், குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டும்போதே வாந்தியும் மூச்சு வாங்கலும் வரும். அப்படி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், எடை குறைவானவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் நீண்ட விரதத்தைத் தொடவே வேண்டாம்.

மாமா இந்த வருடம் புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். சனிக்கிழமைகளில் காலை மாத்திரை கிடையாது, மதியச் சாப்பாட்டோடு பாதி அளவு. பதினொரு மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும், 70க்குக் கீழே போனால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். அத்தை அதை ஒரு தாளில் எழுதி, பூஜை அறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.